பதினாலிலிருந்து பதினாறு: என் ஸ்விஃப்ட்டுக்கு வீல் மாற்றிய கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் எனக்குத் தர ஆய்வு வேலை. கடையில் வாங்கும் ஸ்க்ரூவைக்கூட வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்க்கிற ஆள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவன் 2023 ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெர்னியரை மேசையிலேயே விட்டுவிட்டு மச்சானோடு அலாய் வீல் வாங்கப் போனேன். "மாமா, பதினேழு இன்ச் போடுங்க, வண்டியே வேற மாதிரி ஆயிடும்" என்றான். வண்டி வேறு மாதிரிதான் ஆனது. நவம்பர் மழையில், வளசரவாக்கம் பக்கம் ஆற்காடு ரோட்டில், மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் முன்சக்கரம் 'டக்' என்று இறங்கியது. மறுநாள் காலை டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். ரிம்மின் உள்விளிம்பும் வளைந்திருந்தது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வண்டி 2016 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. உங்களுடையது வேறு வண்டியாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

முதலில் டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம்: அகலத்தில் 80 சதவீதம்தான் பக்கச் சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் கலந்து எழுதியவரைக் கண்டால் எங்கள் பட்டறைக்குக் கூட்டிப்போய் ஒரு வாரம் டிராயிங் படிக்க வைக்க வேண்டும்.

மொத்த விட்டம் கண்டுபிடிக்க, ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி, பக்கச் சுவரின் உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். 14 இன்ச் என்றால் 355.6, அதோடு இரண்டு 132, மொத்தம் 619.6 மி.மீ. இந்த எண்ணைச் சுற்றித்தான் எல்லாம். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எல்லாமே இந்த விட்டத்தை நம்பி இருக்கின்றன. ரிம் பெரிதானால் ரப்பரைக் குறைத்து மொத்த விட்டத்தை அதே இடத்தில் வைக்க வேண்டும். 2 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

இதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடலில் கம்பெனியே போட்டுத் தந்த அளவு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் 621.5. அடுத்தது 195/55 ஆர்16: 620.9. நான் ஏமாந்த 205/45 ஆர்17-க்கு 616.3. பார்த்தீர்களா, பதினேழும் ஏறக்குறைய அரை சதவீத வித்தியாசத்தில்தான் நிற்கிறது. கடைக்காரரும் அன்றைக்கு இதைத்தான் சொன்னார்: "சைஸ் கரெக்டா இருக்கு சார், ஸ்பீடோ மாறவே மாறாது." அவர் சொன்னது பொய் இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்விதான் வேறு.

கேட்டிருக்க வேண்டியது பக்கச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று. பதினாலில் 132. பதினைந்தில் 120. பதினாறில் 107. பதினேழில் 92. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே அடி வாங்குவதற்கு இருப்பது அந்த ரப்பர்தான். 132-இலிருந்து 92-க்குப் போவது என்றால் 40 மி.மீ. மெத்தையைக் கழற்றி வீசிவிட்டு ஆற்காடு ரோட்டில் இறங்குவது. பள்ளத்தில் விழும்போது டயர் நசுங்கி, ரப்பர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையில் கத்தரிக்கோலில் சிக்கிய மாதிரி மாட்டுகிறது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. நாம் பார்க்கிற வீக்கம் அதுதான். அதற்கு ஒட்டு கிடையாது, வைத்தியம் கிடையாது. அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். "ஓட்டலாம் சார், அப்புறமா மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆகவே என் முதல் வழிமுறை: கடைக்குப் போவதற்கு முன்பே, எவ்வளவு ரப்பரை விட்டுக்கொடுக்கத் தயார் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சென்னைக்கு நான் வைத்திருக்கிற கோடு 100 மி.மீ. அதற்குக் கீழே போக மாட்டேன். நீங்கள் வாரம் தவறாமல் ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் வேறு கதை. நான் போரூரிலிருந்து அம்பத்தூர் போய் வருகிறவன்.

இரண்டாவது எண் சுமை. டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே 85 டி என்பது போல ஒன்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. எச் 210, வி 240. வேகத்தின் எழுத்தை எல்லோரும் பெருமையாகப் பார்ப்பார்கள், சுமையின் எண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் வாங்கிய பதினேழில் 84 என்று இருந்தது, அதாவது 500 கிலோ. அகலமான, விலை கூடின டயர், ஆனால் கம்பெனி டயரைவிட ஒவ்வொன்றும் 15 கிலோ குறைவாகத் தாங்கும். அதே அளவில் 88 என்று, கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்.எல். வகை கிடைக்கும், அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். அதைக் கேட்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது போட்டிருக்கும் 195/55 ஆர்16-இல் 87, அதாவது 545 கிலோ. கம்பெனி எண்ணுக்குச் சமமாகவோ மேலேயோ இருக்க வேண்டும், கீழே வேண்டவே வேண்டாம். கம்பெனி எண் எது என்று தெரியாவிட்டால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும், வண்டியோடு வந்த புத்தகத்தையும் பாருங்கள்.

இனி ரிம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நடந்தால் கண் கூசும் அளவுக்கு டிசைன்கள் மாட்டி வைத்திருப்பார்கள். டிசைனைக் கடைசியில் பாருங்கள். முதலில் ரிம்மைத் திருப்பி, முதுகில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

பி.சி.டி. என்பது நட்டு ஓட்டைகள் எத்தனை, அவை எந்த வட்டத்தில் இருக்கின்றன என்பது. ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நாலு ஓட்டை. இது பொருந்தாமல் வீல் ஏறவே ஏறாது என்பதால் இதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. "நாலும் ஏறிடுச்சு, அப்புறம் என்ன சார்" என்று அதோடு முடித்துவிடுவதில்தான் தவறு நடக்கிறது.

ஏறின பிறகு பார்க்க வேண்டியது நடு ஓட்டை, சென்டர் போர். அதற்குள் நுழைகிற வண்டியின் ஹப், அதாவது வீல் உட்காரும் நடுப்பாகம், 54.1 மி.மீ. கடையில் விற்கும் அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1, 73.1 என்று பெரிதாகக் குடைந்திருப்பார்கள். என்னுடையது 73.1. அந்த இடைவெளியில் ஹப் ரிங் என்ற வளையம் வர வேண்டும்: வெளியே 73.1, உள்ளே 54.1. முதல் கடையில் அதைப் போடவில்லை. மதுரவாயல் பைபாஸில் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கும். இரண்டு முறை பேலன்ஸிங் செய்தேன், காசு போனது, நடுக்கம் போகவில்லை. கடைசியில் வீட்டில் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தால், வீல் நடுவில் உட்காராமல் நட்டுகளின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாலு வளையத்தின் விலை, நான் பேலன்ஸிங்குக்குக் கொடுத்த காசைவிடக் குறைவு.

ஆஃப்செட் கொஞ்சம் குழப்பும். ரிம்மின் அகலத்துக்கு நேர் நடுவிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. ஈ.டி.45 என்று பொறித்திருப்பார்கள். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். ரிம்மின் அகலம் கூடினாலும் வெளியே வரும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 5.5 ஜே (5.5 இன்ச் அகல ரிம்), ஈ.டி.45-இலிருந்து 6.5 ஜே, ஈ.டி.38-க்குப் போனால்: அகலம் ஒரு இன்ச் கூடுகிறது, பக்கத்துக்குப் பாதி என்றால் 12.7 மி.மீ. ஆஃப்செட் குறைந்தது 7. ஆக வெளிப்பக்கம் 19.7 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 5.7 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும். இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் இப்போது எவ்வளவு இடைவெளி என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். இடம் போதாவிட்டால், ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டைப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

டயரின் அகலத்துக்கும் ரிம்முக்கும் பொருத்தம் உண்டு. 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 இன்ச் வரை ரிம் ஏற்றது. நான் 6-ஐ எடுத்தேன். ரிம் ரொம்ப அகலமாகிவிட்டால் டயர் இழுபட்டு, ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். பிளாட்பாரக் கல்லில் முதலில் உரசுவது அதுதான்.

நட்டு. சுசுகிக்கு 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டாவுக்கு அதே 12, ஆனால் 1.5. கடையில் எல்லா நட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். தவறானது இரண்டு சுற்று ஏறும், அதற்கு மேல் காற்று கன்னை வைத்து அழுத்தினால் மரை போய்விடும். அதனால் முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே சுற்றச் சொல்லுங்கள். நட்டின் உட்காரும் முகம் கூம்பா உருண்டையா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் கிடைக்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்புதான்.

எடையைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். அலாய் என்றால் லேசு என்று ஒரு நம்பிக்கை. நான் பழைய 14 இன்ச் ஸ்டீல் வீலை டயரோடும், புது 16 இன்ச்சை டயரோடும் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் எடைக்குப் போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காசை எண்ண ஆரம்பித்துவிட்டார். பழையது 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், புதியது 17. ஒரு மூலைக்கு மூன்று கிலோ, அதுவும் சுற்றுகிற எடை, அதில் பெரும்பகுதி வெளி விளிம்பில். வண்டி கிளம்பும்போது தெரியும், பெட்ரோலிலும் தெரியும். ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பி நான் போட்ட கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது. ஆகவே ரிம்மின் எடையைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது என்றால் கையில் தூக்கி இரண்டு டிசைனை ஒப்பிடுங்கள், வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. மேல் மாடல் வாங்கியவர்கள் கழற்றி விற்ற கம்பெனி அலாய், 15 இன்ச், பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். ஹப் ரிங் வேண்டாம், ஆஃப்செட் கவலை வேண்டாம். ஆனால் பழையது என்றால் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றிச் சுற்ற வைத்து, விளிம்பு ஆடுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். உள்பக்கம் வெல்டு வைத்து பெயின்ட் அடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளைவை நிமிர்த்தலாம், விரிசலை ஒட்டவைத்து அதில் குடும்பத்தை ஏற்ற முடியாது. உண்மையைச் சொன்னால், இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் நானே இந்தப் பதினைந்தைத்தான் போடுவேன். பதினாறு என் ஆசைக்கு நான் கொடுத்த விலை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே மாடலின் மேல் வகையில் கம்பெனியே தரும் அளவு என்றால் பேச்சுக்கு இடம் குறைவு. அதைத் தாண்டினால் பொறுப்பு நம்முடையது. எதைப் போட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லி, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பில்லோடு மெயில் அனுப்பினேன், கொஞ்சம் பிரீமியம் கூடியது, அவ்வளவுதான். புது வண்டி, வாரண்டியில் இருக்கிறது என்றால் ஷோரூமில் கேட்காமல் தொடாதீர்கள்.

இனி மாட்டுகிற நாள். 2024 ஜனவரியில் பதினாறு மாட்டப் போனபோது வெர்னியர், டார்ச், சாக்பீஸ் மூன்றையும் எடுத்துப் போனேன். கடைப் பையன் என்னை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டான்.

டயரின் பிறந்த தேதியை முதலில் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 4123 என்றால் 2023-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரம். முதல் தடவை எனக்குத் தந்த நான்கில் இரண்டு, இரண்டு வருடம் கிடந்த சரக்கு. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று ஊரைச் சுற்றி ஆலையாக இருக்க, சென்னையில் பழைய டயரை வாங்கிவந்தேன் என்றால் யாரிடம் சொல்வது? இப்போது ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை எடுப்பதில்லை. நான்கும் ஒரே பட்டனாக, அதாவது தரையில் படும் ரப்பரின் வெட்டு ஒரே மாதிரியாக, இருக்க வேண்டும். 'அவுட்சைடு' என்றோ சுற்றும் திசைக்கு அம்புக்குறியோ இருந்தால் அது சரியாக வந்திருக்கிறதா என்று மாட்டியபின் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

டயரை ஏற்றுவதற்கு முன்பே, வெறும் ரிம்மை ஒரு முன்சக்கரத்தில் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். பிரேக் பேடுகளை அழுத்துகிற கேலிப்பரில் உரசினால் அப்போதே திருப்பிக் கொடுக்கலாம். டயர் ஏறிவிட்டால் எந்தக் கடையிலும் திருப்பி வாங்க மாட்டார்கள். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ரிங்கைப் போடச் சொல்லுங்கள். நட்டை எதிரெதிராக, பெருக்கல் குறி போல, இறுக்க வேண்டும், கடைசி இறுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு.

அப்புறம் டயரின் தோள் முழுக்க சாக்பீஸைத் தேய்த்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, நான்கு பேர் உட்கார்ந்து ஒரு நல்ல ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குங்கள். மட்கார்டின் உள்ளே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் உரசுகிறது. காலி வண்டியில் இந்தச் சோதனையைச் செய்வதில் பிரயோஜனம் இல்லை. எனக்குப் பின்சீட்டில் அம்மாவும் தங்கையும் உதவினார்கள். பதினேழில் வந்தபோது "கட்டை வண்டியிலகூட இப்படித் தூக்கிப் போட்டதில்லையேடா" என்ற அம்மா, பதினாறுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். வீல் அலைன்மென்ட் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

விலை: நான்கு ரிம் 28,000, டயர் ஒன்று 6,800 வீதம் நான்கு, மொத்தம் 55,200. பதினேழுக்குத் தண்டமாகப் போனது தனி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் ரிம்முக்கும் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

முதல் 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புது அலாயில் பெயின்ட் அழுந்தி நட்டு கொஞ்சம் தளரும். என்னுடையதில் ஒன்று கால் சுற்று திரும்பியது.

காற்றை வாரம் ஒரு முறை, காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ரப்பர் குறைந்த டயரில் காற்றும் குறைந்தால் அடுத்த பள்ளத்தில் ரிம் போய்விடும். நான் ஸ்டிக்கரில் உள்ளதைவிட 2 பி.எஸ்.ஐ. கூட வைக்கிறேன். மே மாத மத்தியானத்தில் அளந்துவிட்டு "ஏறிடுச்சு" என்று காற்றை இறக்காதீர்கள், சூட்டில் ஏறுவது இயல்பு. மழை நாளில் இன்னொன்று: அகலமான டயர் தேங்கிய தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்கும். பழைய 165-இல் போன வேகத்தில் ஓ.எம்.ஆர். தண்ணீருக்குள் நுழையாதீர்கள்.

ஸ்டெப்னி என்னிடம் பழைய 14 இன்ச் ஸ்டீல்தான். மொத்த விட்டம் ஒன்றேகால் மி.மீ. வித்தியாசம் என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். ஆனால் புது அலாயின் நட்டு ஓட்டை ஒடுக்கம், வண்டியோடு வந்த ஸ்பானர் உள்ளே நுழையாது. இது எனக்குத் தெரிய வந்தது திண்டிவனம் பக்கம், இரவு பத்து மணிக்கு. இப்போது மெல்லிய சாக்கெட் ஒன்றும், பழைய கம்பெனி நட்டு நான்கும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு கிடக்கின்றன.

மீதி நான்கு ஸ்டீல் வீலையும் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, பரணில் ஏற்றிவிட்டேன். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் கம்பெனி வீல் எங்கே என்று கேட்பார்.